நாலு வினாடிக்குப் போட்ட சத்தம்

சென்ற ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அட்டாலியிலிருந்து என் பழைய டூல்ஸ் பெட்டியை இறக்கிக் கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டம்மா, "அந்த ரெண்டு காரையும் இறக்குங்க. அதுவும் வண்டிதானே? ஒரு பொட்டு வெச்சுருவோம்" என்றாள்.

இறக்கினேன். ஐந்து வருடத் தூசி. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் டயர்கள் ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தன. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வெர்னியருக்கும் ஸ்பானர் செட்டுக்கும் பக்கத்தில் நிறுத்தினோம். சாமி கும்பிட வந்திருந்த மகள் வீட்டுப் பேரன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "அப்புச்சி, அந்த டிராயிங் வாத்தியார் இப்ப எப்படி இருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்ததும் இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பழைய கதைகளை எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. வெட்கம்தான் காரணம். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கோவையில் ஒரு பம்ப்செட் மோட்டார் கம்பெனியில் 34 வருடம் வேலை பார்த்து, 2014இல் ஓய்வு பெற்றேன். வைண்டிங் பிரிவில் ஆரம்பித்து டூல்ரூமில் முடித்தவன். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா, பேலன்ஸ் சரியில்லையா என்று சொல்லிவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டு மிக்ஸியின் சத்தம் தவிரக் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை.

2016இல் பேரனுக்கு ஒன்பது வயது. பிறந்த நாளைக்கு வந்த ரிமோட் கார் மூன்றாவது நாளே நின்றுவிட்டது. கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டு, "இது பொம்மைங்க. நிஜமான ஆர்.சி. கார் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை சரவணம்பட்டிப் பக்கம் வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். குத்தகைக்கு எடுத்த ஒரு காலி இடம். செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து இறுக்கி, வளைந்து வளைந்து ஓடுகிற பாதை. இரண்டு பக்கமும் கருப்பு ஓஸ் பைப் போட்டு எல்லை. நடுவே இரண்டு மூன்று மேடுகள். ஒரு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இரும்பு மேடை. ஓட்டுகிறவர்கள் அதன் மேல் வரிசையாக நின்று, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கீழே ஓடும் கார்களைப் பார்த்து ஓட்ட வேண்டும். கார் ஒவ்வொன்றும் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரைக் கிலோ எடை. மேட்டில் ஏறி அந்தரத்தில் பறந்து அது இறங்குகிற அழகைப் பார்த்ததும் எனக்கு சோழவரம் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அம்பத்தூரில் அப்ரண்டிஸாக இருந்தபோது, சோழவரத்து ரேஸுக்கு நண்பர்களோடு போவேன். யுத்தகாலத்து விமானத் தளத்தில்தான் அந்த ரேஸ் நடக்கும். வெயிலில் நின்று, பெட்ரோல் வாசனையை மூச்சில் இழுத்துக்கொண்டு, "ஒரு நாளாவது" என்று நினைத்துக் கொள்வேன். அந்த ஒரு நாள் அறுபது வயதில், ஒன்றரைக் கிலோ காரில் வந்தது.

பழைய கார் ஒன்றை விலைக்குப் பிடித்தோம். அடுத்த தீபாவளிக்குப் பேரனுக்கும் ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறரைக்கு என் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பிவிடுவோம்.

அங்கே வந்தவர்கள் எல்லாம் வெவ்வேறு ரகம். ஒரு பல் டாக்டர், மில் வைத்திருப்பவரின் மகன், இரண்டு என்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள், ஒரு டி.வி. மெக்கானிக், அப்புறம் ரிட்டயர் ஆன ஒரு டிராயிங் வாத்தியார். வாத்தியாருக்கு என்னைவிட ஏழு வயது அதிகம். அவரிடம் இருந்தது டாமியா கம்பெனியின் ஹார்னெட். அந்த மாடல் 1984இல் வந்தது. சிங்கப்பூரிலிருந்த அவர் தம்பி அந்தக் காலத்திலேயே வாங்கி அனுப்பியது. உள்ளே டிரைவர் பொம்மை ஒன்று ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும்; அதன் முகத்துக்கு அவரே தூரிகையால் மீசை வரைந்திருந்தார். எங்கள் ரிமோட்டில் ஆன்டெனா இருப்பதே தெரியாது. அவருடையதில் பழைய ரேடியோப் பெட்டி மாதிரி நீள ஆன்டெனாவை இழுத்து விட வேண்டும். கார் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தவளை மாதிரி துள்ளும். எப்போதும் கடைசிதான். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை. "நா ஓட்டறது ரேஸ் இல்லீங்க, இவன வாக்கிங் கூட்டிட்டு வர்றேன்" என்பார்.

அந்த நாட்களில் அங்கே ஒரு வழக்கம். ஜெயித்தவர் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். தோற்றவர்கள் வட்டமாக நின்று தின்றபடி ஜெயித்தவரைக் கிண்டல் செய்வோம். இரண்டு வாரம் தொடர்ந்து ஜெயித்த பல் டாக்டர், "இந்த வாரம் நான் கொஞ்சம் மெதுவாப் போறேனுங்க, கட்டுப்படி ஆகாது" என்றார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் உங்கள் கார் கவிழ்ந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் மேடை மேல் நிற்கிறீர்கள். கார் முப்பது அடி தூரத்தில் மல்லாந்து சக்கரத்தைச் சுழற்றிக் கொண்டிருக்கும். யாராவது போய் நிமிர்த்தி வைத்தால்தான் உண்டு. அதற்குத்தான் மார்ஷல்கள். முந்தின ரேஸில் ஓட்டியவர்கள் அடுத்த ரேஸுக்கு வளைவுக்கு ஒருவராக வெயிலில் நிற்க வேண்டும். அதாவது உங்கள் காரைத் தூக்கி நிறுத்துகிறவர் உங்களோடு போட்டி போடுகிறவர்தான். எதிராளியின் கையில் உங்கள் கார். அவர் பொறுப்பாக ஓடி வந்து நிமிர்த்துவார் என்ற நம்பிக்கையில்தான் மொத்த விளையாட்டும் நடக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் மோட்டார்காரன் அல்லவா? கை சும்மா இருக்குமா? அப்போது எல்லோரிடமும் இருந்தது சாதாரண பிரஷ் மோட்டார். ஓட ஓட காமுட்டேட்டர் கறுத்து, மேடுபள்ளமாகும். வீட்டில் என்னிடம் ஒரு சின்ன லேத் இருந்தது. காமுட்டேட்டரை இழை அளவு சீவி, கார்பன் பிரஷ்ஷைப் படிய வைத்துக் கொடுத்தால் மோட்டார் புதுசு மாதிரி ஓடும். முதல் வருடம் எல்லோருடைய மோட்டாரையும் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து சரி செய்து கொடுத்தேன். காசு வாங்கியதில்லை. கோவையில் ஒருவனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

பிறகு லேப் எண்ணும் கருவி வந்தது. ஒவ்வொரு காரிலும் சிறு டிரான்ஸ்பாண்டர். கோட்டைத் தாண்டும்போது தரைக்கு அடியில் பதித்த ஒயர் அதைப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை நேரம் காட்டும். அதுவரை ஒன்றாவது, இரண்டாவது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிக் கொண்டிருந்தோம். இப்போது யார் எந்தச் சுற்றில் எத்தனை புள்ளி குறைவு என்று காகிதமே வந்தது. வருட மொத்தப் புள்ளிப் பட்டியலும் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தது.

கருவியின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கருவி அளந்தது, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தவன் நான்.

பட்டியலில் நான் மூன்றாவதாக இருந்த சமயம். பல் டாக்டர் மோட்டாரைக் கொண்டு வந்து, "கொஞ்சம் சீவித் தாங்க" என்றார். "லேத் ரிப்பேருங்க" என்று சொன்னேன். லேத் ரிப்பேராகவில்லை. முந்தின நாள் ராத்திரிதான் என் மோட்டாரைச் சீவியிருந்தேன். 34 வருட வேலையில் ஒரு நாள்கூட ஒருவருடைய மோட்டாரைத் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு பஜ்ஜி ரேஸுக்காக அனுப்பினேன்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பிரஷ்ஷே இல்லாத மோட்டாருக்குப் போனார்கள். அதில் சீவுவதற்கு ஒன்றுமில்லை. காசு கொடுத்தால் வேகம். 17.5 சுற்று வைண்டிங் என்று ஆரம்பித்து, அது போதாதென்று 13.5க்கு இறங்கினார்கள். சுற்று குறையக் குறைய மோட்டார் வேகமாகச் சுழலும், கரன்ட்டும் அதிகம் இழுக்கும். அதற்குத் தகுந்த பாட்டரி, அதற்குத் தகுந்த சார்ஜர். நானும் வாங்கினேன். பென்ஷன்தாரர் மாதக் கணக்கில் பதினோராயிரம் ரூபாய் எங்கே போனது என்று வீட்டம்மா கேட்ட அன்று, "கண்ணாடி மாத்தினேன்" என்றேன். அவள் என் முகத்திலிருந்த பழைய கண்ணாடியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேகம் கூடியதும் ஆட்டம் நன்றாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. எங்கள் பாதை சின்னது. ஒரு சுற்று இருபத்திரண்டு வினாடி. அந்த இடத்தில் அவ்வளவு வேகம் எதற்கு? கார்கள் வளைவில் நிற்காமல் ஒன்றோடொன்று மோதின. மோதினால் சஸ்பென்ஷன் ஆர்ம் உடையும். அது ஹாங்காங்கிலிருந்து தபாலில் வர மூன்று வாரம். கல்லூரிப் பையன்கள் இரண்டு தரம் உடைத்தார்கள், மூன்றாம் தரம் வரவில்லை. டீயும் பஜ்ஜியும் எப்போது நின்றது என்று ஞாபகம் இல்லை. ரேஸ் முடிந்ததும் எல்லோரும் அவரவர் மேசையில் குனிந்து கொண்டோம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஆட்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு யாருடைய பெயரை வைத்திருக்கிறார்களோ அந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு ரேஸ் கார் உருவாக்கினார். எல்லார் காரிலும் அதே என்ஜின். பணக்காரன் என்ஜின், ஏழை என்ஜின் என்பது கிடையாது. யார் ஓட்டத் தெரிந்தவன் என்பதுதான் பேச்சு. ரிமோட் கார் உலகிலும் சில இடங்களில் போட்டி நடத்துகிறவர்களே ஒரே மாதிரி மோட்டார்களைக் கையில் கொடுத்து ஓட்டச் சொல்வது உண்டு. எங்கள் கூட்டத்திலும் டி.வி. மெக்கானிக் அப்படி ஒரு யோசனை சொன்னார். அதை எதிர்த்துப் பேசிய முதல் ஆள் யார் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் ஓட்டியதிலேயே அருமையான ரேஸ், முதல் வருடம் பல் டாக்டரோடு ஓட்டியது. ஐந்து நிமிடமும் அவர் கார் வாலை என் கார் மூக்கு தொட்டுக்கொண்டே போனது. ஒரு வளைவில் நான் முந்துவேன், அடுத்ததில் அவர். கடைசியில் அரைக் கார் நீளத்தில் தோற்றேன். இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. மேடையிலேயே கட்டிக்கொண்டு சிரித்தோம். அவர் இல்லாமல் அந்த ரேஸ் எனக்குக் கிடைத்திருக்காது. எதிராளி என்பவர் நமக்கு விளையாட்டைக் கொடுக்கிறவர். அதை மறந்துவிட்டுத்தான் அவரிடம் லேத் ரிப்பேர் என்று சொன்னேன்.

இனி அந்த நாள். 2018, பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிறு. பேரனும் நானும் முதல் பிரிவு இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். அவனுக்குப் பதினொரு வயது. கை என்னைவிடச் சுத்தம். நான்தான் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் "உள்பக்கம் எடு, உள்பக்கம் எடு" என்று அவனை நச்சரித்துக் கொண்டிருந்தேன். இரண்டாம் பிரிவில் கடைசியாக வந்த வாத்தியார், எங்கள் ரேஸுக்கு மார்ஷலாக நான்காவது வளைவில் நின்றார். முழங்காலில் வலி, கொஞ்சம் சாய்ந்தபடிதான் நடப்பார்.

மூன்றாம் நிமிடம். மேட்டிலிருந்து இறங்கும்போது பேரன் கார் புரண்டது. பின்னால் வந்த என் கார் அதில் ஏறி, நாலடி தள்ளிப் போய்க் கவிழ்ந்தது. வாத்தியார் வந்தார். பக்கத்திலிருந்தது பேரனுடைய கார். முதலில் கவிழ்ந்ததும் அதுதான். குனிந்து அதை எடுத்து, பாதையில் வைத்தார்.

நான் மேடையிலிருந்து கத்தினேன். "ஏனுங்க, கண்ணு தெரியலையா? என் கார எடுங்க மொதல்ல! நிக்க முடியலன்னா எதுக்கு வர்றீங்க?"

ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது. வாத்தியார் நிமிர்ந்து மேடையைப் பார்க்கவில்லை. என் காரிடம் வந்து, அதை எடுத்து, சக்கரத்தில் சிக்கியிருந்த புல்லை விரலால் இழுத்துப் போட்டுவிட்டு, மூக்கு நேராக இருக்கும்படி பாதையில் வைத்தார். அதற்குள் நாலு வினாடி.

ரேஸ் முடிந்தது. நான் இரண்டாவது. காகிதத்தைப் பார்த்தேன். முதலில் வந்தவருக்கும் எனக்கும் இடைவெளி ஆறு வினாடிக்கு மேல். அந்த நாலு வினாடி கிடைத்திருந்தாலும் நான் இரண்டாவதுதான். ஆனாலும் மார்ஷல் சரியில்லை என்று நடத்துபவரிடம் போய்ப் புகார் சொன்னேன். திரும்பி வந்தபோது வாத்தியாருடைய மேசை காலி.

வீட்டுக்கு வரும் வழியில் கணபதி சிக்னலில் நிற்கும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த பேரன் கேட்டான்: "அப்புச்சி, வாத்தியார் என் கார மொதல்ல எடுத்தது தப்பா?"

சிக்னல் விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அதைச் சாக்காக வைத்துப் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவனுக்கு வயிற்று வலி. அதற்கடுத்த வாரம் டியூஷன். நான் தனியாகப் போனேன். வாத்தியார் வரவே இல்லை. கடைசியாக வருகிறவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. அவருக்கு முந்தின இடத்திலிருந்தவர் கடைசி ஆவார். அவருக்கு அது பிடிக்காது, அவரும் நிற்பார். மூன்று பிரிவு இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. அந்த வருடம் ஆடியில் ஒரு ஞாயிறு, நான் முதல் பரிசு வாங்கினேன். மொத்தம் ஓடிய கார் நான்கு. மார்ஷலுக்கு ஆள் இல்லாததால் கவிழ்ந்த கார்கள் கவிழ்ந்தபடியே கிடந்தன. என் கார் மட்டும் கவிழவில்லை. வாங்கித் தர யாருமில்லாமல் ஒரு பிளேட் பஜ்ஜி வாங்கி நானே தின்றேன். அன்று சாயங்காலம் இரண்டு கார்களும் அட்டாலிக்குப் போயின. குத்தகைப் பணம் சேராமல் அந்த இடமும் சில மாதங்களில் கை மாறியது.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். பேரன் கேட்டதற்கு "தெரியலடா கண்ணு" என்றேன். அவன் பிளஸ் ஒன் படிக்கிறான், மீசை அரும்பிவிட்டது. "போய்ப் பார்க்கலாமா?" என்றான்.

விஜயதசமி அன்று வடவள்ளிக்குப் போனோம். வாத்தியார் வீட்டுக் கூடத்தில் ஹார்னெட், கண்ணாடி அலமாரியில், மீசை கலையாமல் இருந்தது. காபி வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்து, "அன்னிக்கு நா அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சங்கடமாத்தானுங்க இருந்துச்சு" என்றார். இல்லை என்று பூசி மெழுகவில்லை. பிறகு, "ஆனா அது மட்டும் காரணமில்லீங்க. முன்னெல்லாம் பக்கத்து மேசைக்காரங்க வந்து இவன் மீசையத் தொட்டுப் பார்த்து சிரிச்சுட்டுப் போவாங்க. கடைசி ஆறு மாசம் ஒருத்தரும் நிமிந்து பார்க்கல. நானும் எதுக்கு வர்றோம்னு யோசிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பேரன் பையிலிருந்து புது பாட்டரி ஒன்றை எடுத்தான். எனக்கே தெரியாமல் வாங்கி வந்திருக்கிறான். நாற்பது வருடத்துக்கு முந்தைய காரின் வெள்ளை பிளக், இன்றைய பாட்டரியில் அப்படியே பொருந்தியது. மூவரும் தெருவுக்கு வந்தோம். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து ஆன்டெனாவை இழுத்தார். ஹார்னெட் ஒரு தரம் உறுமி, தவளை மாதிரி துள்ளித் துள்ளிக் கிளம்பியது. எதிர் வீட்டில் கொட்டியிருந்த மணல் மேல் ஏறி மல்லாந்தது.

பேரன் போகக் கிளம்பினான். அவனை நிறுத்திவிட்டு நான் போனேன். இப்போது என் முழங்காலும் முன் மாதிரி இல்லை. பாதி தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, கண்ணு தெரியலையா? என் கார எடுங்க மொதல்ல!"

திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் சிரித்துக் கொண்டிருந்தார். பேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் குனிந்து, சக்கரத்திலிருந்த மணலைத் தட்டிவிட்டு, மூக்கு நேராக இருக்கும்படி வைத்தேன்.

லேத்தை எண்ணெய் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். பல் டாக்டருக்கு நேற்று போன் செய்து, மோட்டார் இருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னேன். லேத் ரிப்பேர் சரியாகிவிட்டதா என்று கேட்டார். அதற்கு நேரில் வந்து பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாத்தியார் வீட்டுத் தெருவில்தான் இருப்போம். உங்கள் வீட்டு அட்டாலியிலும் இப்படி ஏதாவது கார் கிடந்தால் கொண்டு வாருங்கள். கடிகாரம் கிடையாது. ஜெயித்தவர் பஜ்ஜி வாங்க வேண்டும்.